இடப்பக்கத்துக் கெவுளி

புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். பாடத்தில் யானை முதல் அமீபா வரை எல்லாம் உண்டு. ஆனாலும் ஊரில் எனக்குப் பெயர் பல்லி டீச்சர். பேருந்து நிலையத்தில் பூ விற்கும் அம்மாகூட என் தலையைக் கண்டதும், "பல்லி டீச்சர் வாராங்க, நெருக்கமாக் கட்டுனத எடு" என்று மகளிடம் சொல்வார். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. புலியைப் பார்க்கக் காமிராவைத் தூக்கிக்கொண்டு ஊரே கிளம்புகிறது. பல்லிக்கு யார் இருக்கிறார்கள்? நம் வீட்டு நாள்காட்டியில், பல்லி தலையில் விழுந்தால் என்ன பலன், தோளில் விழுந்தால் என்ன பலன் என்று பின்பக்கம் அச்சடித்திருப்பார்கள். விழுந்தது எந்தப் பல்லி என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

நார்த்தாமலைக்கும் விராலிமலைக்கும் நடுவே ஒரு கிராமத்துக் கோயில்காட்டில்தான் அதைப் பார்த்தேன். வீரை மரமும் உசிலை மரமும் பின்னிக் கிடக்கிற சிறிய காடு. நடுவில் அய்யனார் கோயில். கோயிலுக்குப் போகிற பாதையின் இரண்டு பக்கமும் ஊரார் நேர்ந்துகொண்டு வைத்த மண்குதிரைகள், புதியவை முன்னாலும் பழையவை பின்னாலுமாக நிற்கும். வெயில் சாய்கிற நேரத்தில், கால் உடைந்து சாய்ந்திருந்த ஒரு குதிரையின் வயிற்றுக்குள் டார்ச் அடித்தேன். இரண்டு வீட்டுப் பல்லிகள் ஓடி ஒளிந்தன. மூன்றாவது ஒன்று ஓடாமல் என்னைப் பார்த்தது. முதுகில் கடுகு தூவியதுபோல வரிசை வரிசையாகப் பருக்கள். அடிப்பக்கம் பருத்த வால். காவி மண்ணின் நிறம். அதன் பெயர் எனக்குத் தெரியவில்லை.

இந்த மாவட்டத்தில் எனக்குத் தெரியாத பல்லி கிடையாது என்று அதுவரை நினைத்திருந்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். தெரிந்தவற்றில் ஒன்று கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

படங்களை வடக்கே ஓர் ஊரில் இருக்கும் நிபுணருக்கு அனுப்பினேன். பல்லி வகைப்பாட்டில் அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. பதில் உடனே வந்தது. இலங்கையில் மட்டும் இருப்பதாக எழுதப்பட்ட இனம் போலத் தெரிகிறது, இந்தியாவில் யாரும் இதுவரை பதிவு செய்யவில்லை என்று எழுதியிருந்தார். அதைப் படித்த பிறகு இரண்டாம் ஆண்டு மாணவிகளுக்கு நான் எடுத்த வகுப்பு என்ன வகுப்பு என்று எனக்கே நினைவில்லை. ஆனால் கடிதத்தின் அடியில் இரண்டு வரி இருந்தது. படம் போதாது, உடல் வேண்டும். மேலும், இது வெட்டுமரத்தோடோ சாமானோடோ தொற்றிக்கொண்டு வந்த ஒற்றைப் பல்லியாகவும் இருக்கலாம்.

அவர் சொன்னதில் தவறில்லை. ஓர் உயிரினம் நம் நாட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் போதாது. ஒன்றையாவது பாடம் செய்து அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும். நாளைக்கு யாராவது சந்தேகப்பட்டால் புட்டியைத் திறந்து செதிலை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். நிலத்துக்குப் பட்டா எப்படியோ அப்படித்தான் இதுவும். பட்டா இல்லாமல் நான் எத்தனை படம் காட்டினாலும் அது வாய்ப்பேச்சுதான்.

ஒரே ஒரு பல்லி பிடித்துக்கொள்ள அரசாங்கத்திடம் அனுமதி கேட்டு எழுதினேன். விண்ணப்பம் மேசை மேசையாக ஏறி இறங்குவதற்குள் ஒரு மழைக்காலம் போய்விட்டது. ஒருவழியாகத் தாள் கைக்கு வந்ததும் அதை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் நேராகக் கிராமத்துக்குப் போனேன். கோயில் பூசாரி காலையிலும் மாலையிலும் பூசை வைத்துவிட்டு மற்ற நேரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். தாளை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"டீச்சர், இந்தக் காட்டுலேருந்து ஒரு சுள்ளி வெளிய போவாது. செருப்புல ஒட்டுன மண்ணக்கூட எல்லையில தட்டிட்டுத்தான் போவோம். ஒங்களுக்குத் தெரியாததா?"

"நான் மண்ணக் கேக்கலங்க. ஒரே ஒரு பல்லி."

"பல்லியா?" ஆட்டோவின் சீட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நல்லாக் கேட்டீங்க போங்க. அதுதான் இங்க வாக்கு சொல்றது."

எங்கள் பக்கத்தில் பல்லி சத்தம் கொடுப்பதைக் கெவுளி என்பார்கள். கல்யாணம் பேசுவது, கிணறு வெட்டுவது, திருவிழாவுக்கு நாள் குறிப்பது என்று எதற்கும் அந்த ஊர்க்காரர்கள் கோயிலில் கூடி, சாமியைப் பார்த்து உட்கார்ந்து, கெவுளிக்குக் காத்திருப்பார்கள். வலப்பக்கம் பல்லி சொன்னால் உத்தரவு ஆகிவிட்டது என்று அர்த்தம். இடப்பக்கம் சொன்னால் உத்தரவு இல்லை. ஒன்றும் சொல்லாவிட்டால் இன்னொரு நாள் வர வேண்டும். இதில் மேல்முறையீடு கிடையாது.

விஷயம் ஊர் அம்பலத்திடம் போனது. ஊர் வழக்கைப் பேசி முடிக்கிற பெரியவர் அவர்தான். இளவயதில் துபாயில் கிரேன் ஓட்டியவர், இப்போது மிளகாயும் கடலையும் போடுகிறார். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"கவர்மெண்டு சம்மதம் குடுத்துருச்சு, சரி. அது ஒங்க பக்கம். எங்க பக்கம் அய்யனாருல்ல சம்மதிக்கணும்? வெள்ளிக்கெழம சாயங்காலம் வாங்க. கெவுளி கேப்போம்."

கோழியைக் கேட்டுத்தான் மிளகாய் அரைப்பார்களா என்று சொல்வார்கள். அந்த ஊரில் கேட்கத்தான் செய்தார்கள். பல்லியை எடுக்கலாமா என்று பல்லியையே கேட்பதற்கு என்னை அழைத்திருந்தார்கள். நான் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு வந்தேன். காரணம், எனக்குப் பதில் முன்பே தெரியும்.

அந்தக் கோயிலின் வலப்பக்கச் சுவரில் ஒரு ட்யூப் லைட் இருந்தது. வெளிநாட்டில் வேலை பார்க்கிற யாரோ ஒருவரின் உபயம். பொழுது சாய்ந்ததும் விளக்கைச் சுற்றிப் பூச்சி வரும், பூச்சிக்குப் பின்னாலேயே வீட்டுப் பல்லி வரும், பல்லி கூடினால் சண்டை வரும், சண்டை வந்தால் சத்தம் வரும். இடப்பக்கச் சுவர் இருட்டு, அங்கே பல்லிக்கு வேலை இல்லை. அந்த விளக்கு வந்த நாளிலிருந்து அய்யனார் யாருக்கும் எதையும் மறுத்ததாக நான் கேள்விப்படவில்லை. இதை நான் யாரிடமும் சொல்லவும் இல்லை. அவர்கள் வழியில் கேட்டார்கள், நான் என் வழியில் விடையை எதிர்பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை நாற்பது ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். பல்லி டீச்சருக்குப் பல்லி என்ன சொல்லப்போகிறது என்று பார்க்கத்தான் பாதிப் பேர் வந்திருந்தார்கள். கெவுளி கேட்கும்போது போன் வைத்திருக்கக் கூடாது. எல்லார் போனும் பூசாரியின் ஆட்டோவில் ஒரு கூடையில் கிடந்தது. பூசாரி சூடம் காட்டிவிட்டு என் வேண்டுதலைச் சத்தமாகச் சொன்னார். "நம்ம டீச்சரம்மா ஒரு பல்லி கேக்குறாங்க. படிப்பு விசயமாக் கேக்குறாங்க. குடுக்கலாமா வேண்டாமா, நீதான் சொல்லணும்." பிறகு எல்லாரும் வாயை மூடிக்கொண்டோம்.

விளக்கைச் சுற்றி ஈசல் வந்தது. சுவரில் முதல் பல்லி தலையை நீட்டியது. இன்னொன்று எதிரே வந்தது. நான் மனதுக்குள் நன்றி சொல்லத் தொடங்கியிருந்தேன். அப்போது கரண்டு போனது.

அகல் விளக்கு மட்டும் எரிந்தது. ஈசல் கலைந்து எங்கோ போனது. வலப்பக்கச் சுவரில் அசைவே இல்லை. யாரோ ஒருவர் கனைத்தார். இனி இன்னொரு வெள்ளிக்கிழமைதான் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, இடப்பக்கம் நிலைக்கதவை ஒட்டி ஒரு சத்தம் வந்தது.

வீட்டுப் பல்லி கடகடவென்று தொடர்ந்து சொல்லும். இது அப்படி இல்லை. பாக்குவெட்டியில் கொட்டைப்பாக்கை ஒவ்வொன்றாக நறுக்குவதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னது. ஒன்று. சற்று நேரம் கழித்து இன்னொன்று. பிறகு மறுபடி ஒன்று. இத்தனை வருடம் பல்லிகளோடு குடித்தனம் நடத்தியவள் நான். அந்தக் குரலை அதற்கு முன் கேட்டதே இல்லை.

கூட்டத்தில் பெருமூச்சு எழுந்தது. அம்பலம் என்னைப் பார்க்கச் சங்கடப்பட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். பூசாரி மட்டும் அகல் வெளிச்சத்தில் என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"என்ன டீச்சர், உத்தரவு இல்லன்னு ஆயிருச்சு. நீங்க என்ன சிரிக்கிறீங்க?"

நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு மறுப்புச் சொன்னது குதிரை வயிற்றில் பார்த்த அந்தப் பல்லியேதான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அந்த இனத்தின் குரலை இந்த நாட்டில் இன்னதென்று தெரிந்து கேட்ட முதல் ஆள் நான். கையில் போன் இல்லை, பதிவு இல்லை, பல்லியும் இல்லை. ஆனாலும் ஸ்கூட்டரில் வீடு வரும்வரை வாயை மூட முடியவில்லை.

சந்தோஷம் மறுநாள் காலைவரைதான் தாங்கியது. பல் துலக்கும்போதே கோபம் வந்துவிட்டது. மின்வாரியத்தைத் திட்டினேன். ஈசலைத் திட்டினேன். கல்லூரியில் என் அறையில் உட்காரும் தோழி ஒருத்தி, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு நாள் சாயங்காலம் போயி ஒண்ணப் புடிச்சு பையில போட்டுக்கிட்டு வந்துருங்களேன். யாருக்குத் தெரியப் போவுது?" என்றாள். அவளோடு அன்று முழுவதும் நான் பேசவில்லை. கேட்காமல் இருந்திருந்தால் எடுத்திருக்கலாம். கேட்டு, வேண்டாம் என்று சொன்ன பிறகு எடுத்தால் அதற்குப் பெயர் ஆராய்ச்சி இல்லை.

நார்த்தாமலைப் பாறைகளில் தேடினேன். பக்கத்துக் கோயில்காடுகள், பாலங்கள், பாழடைந்த மோட்டார் கொட்டகைகள் எல்லாவற்றிலும் தேடினேன். எங்கும் இல்லை. அந்த ஒரு காட்டில்தான் இருந்தது, அங்கிருந்து வெளியே வரமாட்டேன் என்று இருந்தது. குரலைப் பதிவு செய்யலாமா என்று அம்பலத்திடம் கேட்டேன். "வாக்கு காதுல கேக்குறதுக்குத்தான இருக்கு, அதத் தடுக்க நாம யாரு" என்றார். பல மாலைகள் உட்கார்ந்து பதிவு செய்து அனுப்பினேன். குரல் அருமையாக இருக்கிறது, உடல் எப்போது வரும் என்று நிபுணர் பதில் எழுதினார்.

அந்த வருடத்துப் புரவி எடுப்பு வந்தது. புரவி எடுப்பு என்றால், மண்பாண்டம் செய்கிற வேளார் வீடுகளில் செய்து சுட்ட புதுக் குதிரைகளை ஊரே தோளில் சுமந்து கோயிலுக்குக் கொண்டு வருகிற திருவிழா. எனக்கும் அழைப்பு உண்டு. அதற்கு முந்தின நாள் காலையில், நான் தோசைக்கல்லை அடுப்பில் வைத்த நேரத்தில் பூசாரியிடமிருந்து போன் வந்தது.

"டீச்சர், கொஞ்சம் இங்கிட்டு வர முடியுமா? கதவிடுக்குல மாட்டிக்கிச்சு."

"எது?"

"அதான். ஒங்க ஆளு."

கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் போனேன். கோயில் வாசலில் பூசாரியும் அம்பலமும் இன்னும் சிலரும் தள்ளி நின்றார்கள். முந்தின மாலை ஒரு சவாரி அவசரத்தில் பூசாரி கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போயிருக்கிறார். காலையில் திறந்தால் நிலைக்கும் கதவுக்கும் நடுவே பல்லி. பின்னங்கால் பக்கம் மட்டும் நசுங்கி, தலையும் முதுகும் அப்படியே இருந்தன. வரிசை வரிசையான பருக்கள். பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"நேத்து ராத்திரிலேருந்து செத்துக் கெடக்கு போல. இது இருக்குறவரைக்கும் நட தொறக்கக்கூடாது. புண்ணியதானம் பண்ணித் தீட்டுக் கழிக்கணும். நாளைக்குக் குதிர வருது" என்றார் அம்பலம். "வாக்கு சொல்றதச் சாவடிச்சுப்புட்டு அதத் தொடுறதுக்கு எங்கள்ல ஒருத்தனுக்கும் கை வரல. ஒங்களுக்குத்தான் கூச்சம் இல்லையே. எல்லைக்கு வெளிய எடுத்துட்டுப் போயிருங்க."

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பது இதுதான். ஆனால் எனக்கு வாய் சும்மா இருக்காதே. "உத்தரவு இல்லன்னுல்ல அன்னைக்குச் சொன்னீங்க" என்றேன்.

அம்பலம் யோசிக்கவே இல்லை. "உசுரோட இருக்குறது வெளிய போகக்கூடாது. செத்தது உள்ள இருக்கக்கூடாது. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு முட்டலயே."

குனிந்து, கதவை மெல்ல நகர்த்தி, இடுக்கியால் எடுத்தேன். உள்ளங்கையில் வைத்துத் திருப்பினேன். வயிற்றுத் தோலுக்குள் இரண்டு முட்டைகள் வெள்ளையாகத் தெரிந்தன. பல்லி மெல்லிய தோல்காரி, எதையும் மறைக்கத் தெரியாதவள். இத்தனை நாள் நான் தவமிருந்து காத்திருந்த உடல் கையில் இருக்கிறது. குதிக்க வேண்டும் போலவும் இருந்தது, அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் புட்டியின் மூடியைத் திறந்தேன்.

பூசாரி கிட்டே வந்து, என் கையைப் பார்க்காமல் கேட்டார். "அன்னைக்கு வாக்கு சொன்னது இதுதானா டீச்சர்?"

"இல்லங்க. இது பொம்பள. சத்தம் குடுக்குறது பெரும்பாலும் ஆம்பளதான். சொன்னது உள்ளதான் இருக்கும்."

"நெசமாவா?"

"பல்லி விசயத்துல நான் பொய் சொல்லுவனா?"

அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். எல்லைக் கல்லைத் தாண்டுமுன் நான் செருப்பில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

அந்த முட்டைகள்தான் நிபுணரின் இரண்டாவது சந்தேகத்துக்கும் பதில் சொல்லின. சாமானோடு தொற்றிக்கொண்டு தவறி வந்த ஒற்றைப் பல்லி என்றால், ஜோடி சேர்ந்து முட்டை சுமந்துகொண்டிருக்காது. போதாததற்கு, பழைய குதிரைகளின் வயிற்றுக்குள் பொரிந்துபோன முட்டை ஓடுகள் அடை அடையாக ஒட்டியிருந்ததையும் படம் எடுத்து அனுப்பினேன். கட்டுரை அச்சில் வந்தது. அந்த இனம் இருக்கும் நாடுகள் என்ற இடத்தில் இலங்கைக்குப் பக்கத்தில் ஒரு காற்புள்ளி போட்டு இந்தியா என்று சேர்த்திருந்தார்கள். அந்தக் காற்புள்ளியை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பெருமையாகத்தான் இருந்தது. எதற்கு மறைக்க வேண்டும்?

பிரதியை எடுத்துக்கொண்டு ஒரு மாலை கிராமத்துக்குப் போனேன். அம்பலம் படத்தைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார்.

"அப்ப இது எங்கிட்டோ இருந்து வந்ததா, இந்த ஊருதானா?"

"இந்த ஊருதாங்க. இங்கனயே பொறந்து வளந்தது."

"அதத்தான நாங்க வெளிய விடமாட்டோம்னோம்" என்றார். இத்தனை செதில்களை எண்ணி, இத்தனை படங்களை அனுப்பி நான் நிரூபித்ததை அவர் ஒரு வரியில் தன் வெற்றியாக மாற்றிக்கொண்டார். சண்டைக்குப் போகலாமா என்று நினைத்து விட்டுவிட்டேன்.

பூசை முடிந்து எல்லாரும் போனார்கள். பூசாரி நடையை அடைக்க வந்தார். மெயின் ரோட்டில் அவருக்கு ஒரு சவாரி காத்திருந்தது, சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் கதவில் கை வைத்தார், ஆனால் சாத்தவில்லை. விரல் முட்டியால் நிலையில் மூன்று தட்டு தட்டிவிட்டு நின்றார்.

"இது என்ன புதுப் பழக்கம்?" என்றேன்.

"உள்ள ஆளு இருக்காங்கள்ல. சொல்லிட்டுத்தான் சாத்தணும்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நிலைக்கதவை ஒட்டி, இருட்டிலிருந்து, கொட்டைப்பாக்கை நறுக்குகிற அந்தச் சத்தம் வந்தது. ஒன்று. பிறகு இன்னொன்று.

"இடப்பக்கம்" என்றேன்.

"ஆமா, கேட்டுச்சு."

"இப்ப எதுக்கு வேணாங்குது?"

"கதவு சாத்துறதுக்குத்தான்" என்றார். பையிலிருந்த போனை எடுத்து அணைத்தார். கதவைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு நின்றார். நானும் நின்றேன்.